நீலசந்திராவில் எடுத்த ரத்தம்

என்னை முதன்முதலாக டாக்டர் என்று அழைத்தவர், நீலசந்திராவில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்த ஒரு பெண். 1992, ஏப்ரல் மாதம். அப்போது நான் எந்த வகையிலும் டாக்டர் இல்லை. மருத்துவம் படித்தவளும் இல்லை. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் மரபணு ஆய்வுக்காகச் சேர்ந்து எட்டு மாதமே ஆகியிருந்த மாணவி. "வாங்கோ டாக்டரம்மா" என்று அவர் வாசலில் நின்று கூப்பிட்டபோது, திருத்த வேண்டும் என்று தோன்றத்தான் செய்தது. ரத்தம் எடுப்பதற்காக என்னோடு வந்திருந்த ஆஸ்பத்திரி ஊழியர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை என்று தெரிந்ததும், சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கிறது. அப்பா மாநில அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்குப் பள்ளியில் கன்னடம், வீட்டில் தமிழ். அந்தத் தமிழுக்காகத்தான் என்னை அனுப்பினார்கள். என் ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் கன்னடக்காரர், நல்ல மனிதர். பிறவியிலேயே காது கேளாதவர்கள் ஒன்றுக்கு மேல் இருக்கும் குடும்பங்களைத் தேடிக்கொண்டிருந்தார். ஓர் ஆஸ்பத்திரியின் காது மூக்குப் பிரிவிலிருந்து வந்த பட்டியலில் இந்தக் குடும்பம் இருந்தது. "நீனு தமிழ் மாத்தாடுத்தீயல்லா, நீனே ஹோகம்மா" என்றார். உனக்குத் தமிழ் பேச வருமே, நீயே போய் வா என்று. இருபத்து நான்கு வருடம் இதே ஊரில் வளர்ந்தவள் நான். நீலசந்திராவில் அதுவரை காலே வைத்ததில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வழி கேட்டபோது, எங்கள் வீட்டுத் தமிழை அங்கிருந்தவர்கள் வேறு ஊர்க்காரியின் பேச்சைக் கேட்பதுபோல் கேட்டார்கள்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அந்த அம்மா ரிச்மண்ட் டவுன் பக்கம் இரண்டு வீடுகளில் வேலை செய்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருந்திருப்பார். மூன்று பிள்ளைகள். மூத்த பெண்ணுக்கு எட்டு வயது, பிறந்ததிலிருந்தே காது கேட்காது. நடுவில் ஒரு பையன், அவனுக்கு ஒரு குறையும் இல்லை. கடைசிப் பெண்ணுக்கு நாலு வயது, அக்காவைப் போலவே கேட்காது. மூத்தவளை நாலு வயதிலேயே காது கேளாதோர் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். உதட்டைப் பார்த்து ஓரளவு புரிந்துகொள்வாள், சில வார்த்தைகள் பேசவும் செய்தாள்.

நான் பாயில் உட்கார்ந்து காகிதத்தை விரித்தேன். குடும்பத்தை வரைவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. பெண் என்றால் வட்டம், ஆண் என்றால் சதுரம், காது கேளாதவராக இருந்தால் உள்ளே கறுப்பு. யாருக்கு யார் என்ன உறவு என்று ஒவ்வொருவராகக் கேட்டு வரைந்தேன். அந்த அம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல நான் எங்க டாக்டரம்மா?"

"இதான் நீங்க. பக்கத்துல உங்க வீட்டுக்காரர்."

"நடுவுல இன்னாத்துக்கு ரெண்டு கோடு? அங்கல்லாம் ஒரு கோடுதான இருக்குது?"

"நீங்க சொந்தத்துல கட்டிக்கிட்டதால."

கொஞ்ச நேரம் அந்த இரண்டு கோடுகளையே பார்த்தார். "எங்க அம்மாவோட தம்பி. சின்னதுல என்னைத் தூக்கிக்கினு திரிஞ்சவரு. வேற யாருக்குக் குடுப்பாங்கோ?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதனாலதான் இதுங்களுக்கு இப்டி ஆச்சா?" என்றார்.

"இப்பவே சொல்ல முடியாதும்மா" என்றேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்பது உண்மைதான். பெரும்பாலும் அதுதான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது என்பதும் உண்மை.

அடுத்த கேள்விக்காகத்தான் அவர் அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

"ரத்தம் குடுத்தா சின்னவளுக்குக் காது கேக்குமா?"

"முதல்ல கோளாறு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கணும்மா. அது தெரிஞ்சாதானே அப்புறம் மருந்து."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் சொன்னது எது, அவர் கேட்டது எது என்பது அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. "அப்புறம் மருந்து" என்ற இரண்டு சொற்கள் அவர் முகத்தில் செய்த வேலையை நான் கண்ணால் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்த ஒப்புதல் படிவத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டார். ஐந்து பேரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ரத்தக் குழாய்கள் இருந்த குளிர்ப்பெட்டியை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.

ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரிப்பதில் கடைசிப் படி ஒன்று உண்டு. அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடப்பதன்மேல் குளிர்ந்த ஆல்கஹாலை மெதுவாக ஊற்றினால், வெள்ளையாக நூல் நூலாகத் திரண்டு வரும். கண்ணாடிக் குச்சியில் சுற்றி எடுக்கலாம். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு மனிதரை ஆக்கிய எழுத்து முழுவதும் அந்த நூலில் இருக்கிறது. நான்கே எழுத்துகள், ஏறக்குறைய முன்னூறு கோடித் தடவை திரும்பத் திரும்ப வரும். அம்மாவிடமிருந்து ஒரு பிரதி, அப்பாவிடமிருந்து ஒரு பிரதி. ஒன்றில் பிழை இருந்தால் மற்றது சமாளித்துக்கொள்ளும். இரண்டிலும் ஒரே இடத்தில் பிழை இருந்தால்தான் வம்பு. சொந்தத்துக்குள் கல்யாணம் நடக்கும்போது, ஒரே முன்னோரிடமிருந்து வந்த பிழை இரண்டு பக்கமும் வந்து சேர வாய்ப்பு அதிகம்.

புரதம் செய்யச் சொல்லும் பகுதி, அந்த முன்னூறு கோடியில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். மிச்சத்தை அந்த நாட்களில் நாங்கள் கூசாமல் குப்பை என்றே பேசுவோம். தோலில் இருக்கும் உயிரணுவுக்கும் காதுக்குள் இருக்கும் உயிரணுவுக்கும் எழுத்து ஒன்றுதான். எதைத் திறந்து படிப்பது, எதை மூடி வைப்பது என்பதில்தான் வித்தியாசம். திறப்பதற்கும் மூடுவதற்குமான குறிப்புகள் நாங்கள் குப்பை என்று சொன்னவற்றுக்குள்ளும் இருந்தன. இருக்கும் என்று வகுப்பில் படித்திருந்தேன். படித்ததை நம்புவதும் அதற்காக ஒரு வாரம் கூடுதலாக வேலை செய்வதும் வேறு வேறு.

காது கேளாத பிள்ளைகள் எல்லோரிடமும் இரண்டு பிரதியிலும் ஒரே மாதிரி இருக்கும் பகுதி எது என்று தேடுவதுதான் எங்கள் வேலை. ஒரு சோதனைக்குக் கொஞ்சம் டி.என்.ஏ. செலவாகும். நூற்றுக்கணக்கில் சோதனைகள். இரண்டு வருடத்தில் நீலசந்திராக் குடும்பத்தின் டி.என்.ஏ. தீர்ந்துவிட்டது. எங்களிடம் இருந்த குடும்பங்களில் மிக நல்ல குடும்பம் அது என்று பேராசிரியர் சொல்வார். பிறவிக் கோளாறு உள்ள ஒரு வீட்டை 'நல்ல குடும்பம்' என்று சொல்ல எங்களுக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை.

மறுபடி ரத்தம் வேண்டும் என்று 1994-இல் போனேன். மூத்தவளும் பையனும், ரத்தம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்குப் போகலாம் என்று சீருடையிலேயே காத்திருந்தார்கள். முந்தின நாளே சொல்லி அனுப்பியிருந்தேன். கடைசிப் பெண்ணுக்கு ஆறு வயது ஆகியிருந்தது. அவள் மட்டும் சீருடையில்லாமல், தரையில் ஒரு தட்டைக் கவிழ்த்துப் போட்டுக் கையால் தட்டிக்கொண்டிருந்தாள். சத்தத்துக்காக இல்லை, அதிர்வுக்காக. உள்ளங்கையைத் தட்டின்மேல் வைத்து வைத்துப் பார்த்தாள்.

"இவ ஸ்கூலுக்குப் போகலையா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா பெருமையோடு சொன்னார். "அக்கா இஸ்கோல்ல கேட்டுக்கினேதான் இருக்காங்கோ. நீங்கோ மொதல்ல வந்தீங்கோ பாரு, அந்த வருஷம் ஜூன்லயே சேத்துடுன்னாங்கோ. நாந்தான் இருக்கட்டும்னு வெச்சிக்கினேன். நீங்கோ மருந்து குடுத்துட்டா இவளுக்குக் கேட்டுடும்ல? அண்ணன் போற இஸ்கோல்லயே போட்ரலாம். செவுட்டு இஸ்கோல்ல ஒருவாட்டி சேத்துட்டா அந்தப் பேரு போவுமா, சொல்லுங்கோ."

ஆஸ்பத்திரி ஊழியர் ஊசிகளைப் பிரித்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். குழாய்களில் நான் ஏற்கெனவே எண் எழுதியிருந்தேன்.

நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்தான். இதில் மருந்து எதுவும் கிடையாது அம்மா, நான் பார்த்துக்கொண்டிருப்பது ஆராய்ச்சி, நாளைக்கே இவளைப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். நாக்கின் நுனிவரை வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. இதை இப்போது சொன்னால் ரத்தம் கொடுப்பாரா? இரண்டு வருட வேலை என்ன ஆகும்? நான் யோசித்தது அதிகம் போனால் பத்து விநாடி இருக்கும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. அந்தப் பத்து விநாடியும் எனக்கு முழுதாக நினைவிருக்கிறது.

"முதல்ல பெரியவங்ககிட்ட எடுத்துடலாம்" என்றேன்.

ஐந்து பேரிடமும் எடுத்தோம். சின்னவள் அலறினாள். அம்மா அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "உனக்குத்தான்டி, உனக்குத்தான்" என்று அவளுக்குக் கேட்காத வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

குழாய்கள் பெட்டிக்குள் போய், பெட்டி மூடப்பட்டு, ஊழியர் தெருவில் இறங்கின பிறகு நான் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன். "இவளையும் அந்த ஸ்கூல்லயே சேத்துடுங்கம்மா. மருந்துக்கெல்லாம் ரொம்ப நாள் ஆகும்."

மெதுவாகச் சொன்னேன். தெருவில் ஓர் ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. கேட்டதோ இல்லையோ, "ஆவட்டும் டாக்டரம்மா" என்றார் அவர். சொல்லிவிட்டேன் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு நடந்தேன். அப்போதும்கூட நான் உண்மையைச் சொல்லவில்லை. 'கிடையாது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நாள் ஆகும்' என்றுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு பதிமூன்று வருடம் நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

நாங்கள் தேடிக்கொண்டிருந்த மரபணுவை வெளிநாட்டில் வேறொரு குழு முந்திக் கண்டுபிடித்துவிட்டது. பேராசிரியர் அதற்காக இரண்டு நாள் வருத்தப்பட்டுவிட்டு, சரி, நம் குடும்பங்களில் அந்த மரபணுவை எழுத்து எழுத்தாகப் படித்துவிடுவோம் என்றார். அந்தப் படிப்பை அப்போது கையால்தான் செய்வோம். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் மெல்லிய ஜெல் ஊற்றி, மின்சாரம் பாய்ச்சி, கதிரியக்கம் கலந்த டி.என்.ஏ.வை ஓடவிட்டு, எக்ஸ்ரே ஃபிலிமில் பதிவெடுப்போம். ஏணிப் படிகள்போலக் கறுப்புக் கோடுகள் விழும். விளக்குப் பெட்டியின்மேல் ஃபிலிமை வைத்து, கீழிருந்து மேலே ஒருவர் வாசிக்க, இன்னொருவர் எழுதுவோம்.

அந்த மரபணு இரண்டு துண்டாக இருந்தது. நடுவில் நீளமான இடைவெளி. புரதத்துக்கான எழுத்து முழுவதும் இரண்டாம் துண்டில். முதல் துண்டு எதையும் செய்யச் சொல்வதில்லை, தொடங்கும் இடம், அவ்வளவுதான். உயிரணு இரண்டு துண்டையும் இடைவெளியோடு சேர்த்தே நகலெடுக்கும். பிறகு இடைவெளியை வெட்டி எறிந்துவிட்டு முனைகளை ஒட்டும். எங்கே வெட்ட வேண்டும் என்பதற்கு முதல் துண்டின் விளிம்பில் ஒரு குறி இருக்கும்.

எங்களிடம் இருந்த சில குடும்பங்களில் இரண்டாம் துண்டில் பிழை அகப்பட்டது. நீலசந்திராக் குடும்பத்தில் அகப்படவில்லை. எழுத்துக்கு எழுத்து சுத்தமாக இருந்தது. முதல் துண்டையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஃபிலிமில் அந்த விளிம்பின் அருகே கறை மாதிரி இருந்தது. ஒரு கோடு இருக்க வேண்டிய வரிசையில் இல்லாமல் பக்கத்து வரிசையில் இருப்பதுபோலத் தெரிந்தது. மறுபடி ஓட்ட வேண்டும் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதினேன். ஒரு வாரம் ஆகும். எனக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்திருந்தது, விசாவுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், ஆய்வேட்டை அதற்குள் கட்டாக வேண்டும். ஃபிலிமில் கறை விழுந்திருக்கிறது என்று பேராசிரியரிடம் சொன்னபோது, ஜெல் சரியில்லையா என்றார். ஆமாம் என்றேன். அந்தக் குடும்பத்துக்கு நேராக 'மாற்றம் எதுவும் காணப்படவில்லை' என்று தட்டச்சு செய்தேன். அந்த ஆய்வேடுதான் எனக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்தது.

வெளிநாட்டில் ஏழு வருடம். திரும்பி வந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். நான் வருடக்கணக்கில் கண் வலிக்கப் படித்த எழுத்துகளை இயந்திரம் அங்கே ஒரே நாளில் படித்தது. காலையில் கம்பெனி வண்டி ஹோசூர் ரோட்டு நெரிசலில் நிற்கும்போது எதையாவது படித்துக்கொண்டு வருவேன். 2007-இல் ஒரு நாள் படித்த கட்டுரை அந்த மரபணுவைப் பற்றியது. பல குடும்பங்களில் இரண்டாம் துண்டு சுத்தமாக இருக்கிறது என்று கைவிட்டுவிடுகிறார்கள். முதல் துண்டின் விளிம்பில், வெட்டுக்குறியில், ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். குறி இல்லாவிட்டால் நகல் சரியாக ஒட்டாது, புரதமே உண்டாகாது என்றது கட்டுரை.

அந்தப் பத்தியை மறுபடி படித்தேன். அந்தக் கறை கண்முன் வந்து நின்றது.

பேராசிரியர் ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தார். பழைய ஆய்வகத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஜெல் சரியில்லை என்று அன்று சொன்னது முழு உண்மை இல்லை என்பதையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. நானும் அன்னைக்கு மறுபடி ஓட்டச் சொல்லலையே என்று கன்னடத்தில் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. 1994-இல் எடுத்த ரத்தத்தின் டி.என்.ஏ. அங்கே உறைபெட்டியில் மிச்சமிருந்தது. இரண்டே நாளில் விடை வந்தது. இரண்டு பெண்களுக்கும் இரண்டு பிரதியிலும் அந்த ஓர் எழுத்து மாறியிருந்தது. அப்பா, அம்மா இருவருக்கும் ஒரு பிரதியில்.

விடை கையில் கிடைத்த பிறகும் நான்கு மாதம் போகவில்லை. வேலை இருந்தது என்று சொன்னால் யாரும் நம்புவார்கள்.

நீலசந்திராவில் அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். ஈஜிபுராவுக்குப் போய்விட்டார்கள் என்று எதிர்வீட்டில் வழி சொன்னார்கள். கதவைத் திறந்தது அந்த அம்மாதான். முடி பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் யாரென்று தெரியவில்லை. சொன்னேன். "ரத்தம் எடுத்தவங்களா?" என்றார். உள்ளே வரச் சொல்லி நாற்காலி போட்டார். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். மூத்தவள் கல்யாணமாகி அடுத்த தெருவில் இருந்தாள், அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். சின்னவள் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. அன்று விடுமுறை, வீட்டில் இருந்தாள். பத்தொன்பது வயது.

மூத்தவள் வந்து என் உதட்டைப் பார்த்தபடி, கொஞ்சம் குழறினாலும் தெளிவாகவே, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். சின்னவள் எதுவும் பேசவில்லை. அவளுக்குப் பேச்சு வராது. அக்காவின் கைகளைத்தான் பார்த்தாள்.

"எட்டு வயசுல கொண்டுபோய்ச் சேத்தேன்" என்றார் அம்மா, நான் கேட்காமலே. "அக்கா மாதிரி சின்னதுலயே வந்திருந்தா பேச வெச்சிருப்போம், இப்போ நாக்குத் திரும்பலைன்னுட்டாங்கோ. கையாலதான் பேசுவா. நல்லாப் பேசுவா."

நாலு வயதில் சேர்ந்திருக்க வேண்டியவள் எட்டு வயதில் சேர்ந்தாள். அந்த இடைவெளியில் இருந்தது நான்தான். கையில் கொண்டுபோயிருந்த காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். "நான் அன்னைக்கே உங்ககிட்ட தெளிவா சொல்லியிருக்கணும்மா. மருந்துன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. எனக்கு அது முதல்லயே தெரியும். கெளம்பும்போது வாசல்ல நின்னு, ஸ்கூல்ல சேத்துடுங்கன்னு சொன்னேன். ஆனா உங்களுக்குக் கேக்குற மாதிரி சொல்லல."

"கேட்டுச்சும்மா" என்றார் அவர்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நல்லாவே கேட்டுச்சு. ரத்தம் எடுத்து முடிச்சப்புறம் சொன்னீங்கோ. அப்பவே புரிஞ்சிருக்கணும் எனக்கு. ஆனா நீங்கோ மெதுவா சொன்னீங்கோ. நெசமா இருந்தா சத்தமா சொல்லியிருப்பாங்களேன்னு நெனைச்சிக்கினேன். இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்னு இருந்தேன். அப்புறம் ஒரு வருஷம்." முந்தானையால் மேசையைத் துடைத்தார். "நீங்கோ திட்டு வாங்கலாம்னு வந்திருக்கீங்கோ போல. எனக்குத் திட்டல்லாம் வரல."

அவர் திட்டியிருக்கலாம். நான் அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்ற அளவுக்காவது அன்று எனக்குப் புத்தி இருந்தது.

சின்னவள் அக்காவின் தோளைத் தட்டி ஏதோ கேட்டாள். மூத்தவள் என்னிடம், "என்ன பேப்பர் அது?" என்றாள். விரித்துக் காட்டினேன். மரபணுவின் இரண்டு துண்டுகள், நடுவில் இடைவெளி, விளிம்பில் மாறியிருந்த எழுத்து. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. நான் மெதுவாக உதடு தெரியும்படி சொல்ல, மூத்தவள் கையால் சொன்னாள். சின்னவள் இரண்டு மூன்று தடவை நிறுத்தித் திருப்பிக் கேட்டாள். பிறகு அவள் கை வேகமாக ஆடியது. அக்கா சிரித்துவிட்டாள்.

"இவ கம்பெனில ஒரு பையன். அவனுக்கும் கேக்காது. கல்யாணம் பண்ணிக்கப் போறா. பொறக்கற கொழந்தைக்குக் கேக்குமான்னு கேக்கறா."

அந்தப் பையனுக்கும் இதே எழுத்தில்தான் கோளாறு என்றால் குழந்தைக்குக் கேட்காது என்றேன். வேறு மரபணுவில் கோளாறாகவோ, குழந்தையில் வந்த காய்ச்சலாலோ இருந்தால் கேட்கவே வாய்ப்பு அதிகம். அவன் ரத்தத்தைப் பார்த்தால் கொஞ்சம் சொல்லலாம்.

ரத்தம் என்றதும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

சின்னவள் என்னையே பார்த்தாள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எழுதிக் கொடு என்ற சைகை எனக்கே புரிந்தது. நான் தமிழில் தொடங்கினேன். அவள் தலையை ஆட்டிக் கையைத் தடுத்தாள். அவள் படித்த பள்ளியில் கன்னடம்தான். கன்னடத்தில் எழுதினேன். ரத்தத்தை எதற்கு எடுக்கிறேன் என்று எழுதினேன். அவள் படித்துவிட்டு இன்னும் என்பதுபோல் விரலை அசைத்தாள். வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டேன் என்று எழுதினேன். இன்னும். இதனால் யாருக்கும் காது கேட்காது, மருந்து கிடையாது என்று எழுதினேன். இன்னும். எட்டு வாரத்துக்குள் வந்து சொல்வேன், ஒன்றும் தெரியாவிட்டாலும் வந்து சொல்வேன் என்று எழுதினேன். அந்தக் கடைசி வரியின்கீழ் அவளே கோடு போட்டுவிட்டு, கையெழுத்து வாங்கினாள். பதினாறு வருட வேலையில் இத்தனை நேர்மையான ஒப்புதல் படிவத்தை நான் எழுதியதில்லை. அதுவும் அவள் எழுத வைத்துத்தான்.

அந்தப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ரத்தம் கொடுத்தான். பழைய ஆய்வகத்திலேயே அனுமதி வாங்கி, இந்த முறை இரண்டு துண்டையும் விளிம்புகளையும் நானே படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அந்த மரபணுவில் அவனுக்குப் பிழை எதுவும் இல்லை.

ஆறாவது வாரம் ஈஜிபுராவுக்குப் போய்ச் சொன்னேன். பார்த்தவரையில் அவனுக்கு இந்தக் கோளாறு இல்லை, காரணம் வேறாக இருக்கலாம், ஆகவே குழந்தைக்குக் கேட்க வாய்ப்பு அதிகம். சின்னவள் அக்கா மூலம் கேட்டாள். "நிச்சயமா?"

"நிச்சயமா சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது" என்றேன். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி. சமையல்கட்டில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். சின்னவள் தலையாட்டினாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அன்று வீட்டுக்குப் போனதும், ஆய்வேட்டை வைத்து நாங்கள் ஓர் ஆய்விதழில் வெளியிட்டிருந்த பழைய கட்டுரையில் அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதியது தவறு என்று அந்த ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினேன். பேராசிரியரும் கையெழுத்துப் போட்டார். ஒரு மூலையில் நாலு வரியாகப் போட்டார்கள். யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வருடம் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. போனேன். மண்டபத்தில் பாதிப் பேர் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை கலகலப்பை நான் வேறு கல்யாணத்தில் பார்த்ததில்லை. அந்த அம்மா பட்டுப்புடவையில் ஓடியாடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார், எல்லோரிடமும் சொல்வதுபோலவே. கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, மேடைக்குப் போகாமல் வந்துவிட்டேன். மேடையேறிப் புகைப்படத்தில் நிற்கும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

அதற்கு மறுவருடம் மூத்தவள் எண்ணிலிருந்து என் மொபைலுக்கு ஓர் எஸ்.எம்.எஸ். வந்தது. தங்கைக்கு ஆண் குழந்தை, இருவரும் நலம் என்று கன்னடத்தை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள். வாழ்த்துச் சொல்லிப் பதில் அனுப்பினேன். குழந்தைக்குக் கேட்கிறதா என்று அதற்குக் கீழே அடித்தேன், அழித்தேன். சில மாதம் கழித்து இன்னொரு தடவை அடித்தேன், அதையும் அழித்தேன். சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றினால் சொல்வார்கள். கேட்கும் உரிமையை நான் நீலசந்திராவிலேயே, அந்தப் பத்து விநாடியிலேயே, தொலைத்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.